இரும்புக் கூரைக்குள் வந்த குரல்

பழைய கார்களைப் பேணுவோரிடையே ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு, சுவடிப் பதிப்பாளர்களிடையே ‘மூலபாடம்’ என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பைப் போன்றது. பூச்சு, இருக்கைத் துணி, திருகாணியின் தலை என்று ஒவ்வொன்றும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் இது ஒரு பெரிய ஈடுபாடு. 1930களிலிருந்து 50கள் வரை அங்கே உருவான கார்களில் பல இன்றும் ஓடும் நிலையில் பேணப்படுகின்றன. ஆனால் எஞ்சின் உயிர்பெற்று, குரோமியம் பளபளத்து, விளக்குகளெல்லாம் எரிந்த பிறகும் டாஷ்போர்டின் நடுவிலுள்ள வானொலி மட்டும் பெரும்பாலும் ஊமையாகவே இருக்கும். முகப்பு விளக்கு எரியும், குரல் வராது. அந்த ஊமைத்தனத்தைப் போக்க முனைகிறவர், வானொலி எப்படிக் காருக்குள் வந்தது என்ற வரலாற்றை அறியாமல் ஒரு திருகைக்கூடச் சரியாகத் திருப்ப முடியாது. பழுதுநீக்கும் வேலையின் ஒவ்வொரு படியும் அந்த வரலாற்றில் நிகழ்ந்த ஒரு மோதலின் மறுபதிப்பு என்பதே காரணம்.

வானொலியும் காரும் ஒரே தலைமுறையில் வளர்ந்தவை என்றாலும் இயல்பில் பகையானவை. வானொலி கேட்டவை உயர்ந்த மின்னழுத்தம், சுற்றுப்புற அமைதி, நீண்ட ஏரியல். காரிடம் இருந்தவை ஆறு வோல்ட் பேட்டரி, ஓயாமல் தீப்பொறி கக்கும் எஞ்சின், நாற்புறமும் இரும்பு. (‘ஏரியல்’ என்றே எழுதுகிறேன். ‘ஆன்டெனா’ தொலைக்காட்சியோடு நம் வீடுகளுக்கு வந்த சொல். வால்வு ரேடியோ காலத்தில் கூரைக்குக் கூரை கட்டிய கம்பியை நம் வீட்டுப் பெரியவர்கள் ஏரியல் என்றுதான் சொன்னார்கள்.) 1920களில் துணிந்தவர்கள் வீட்டு வானொலியையே தூக்கிக் காரில் வைத்துப் பார்த்தார்கள். நின்ற வண்டியில் கேட்டது. ஓடும் வண்டியில் இரைச்சல்தான் மிஞ்சியது.

சிகாகோவில் பால் கால்வின் 1928இல் தொடங்கிய நிறுவனம், பேட்டரியால் இயங்கும் வீட்டு வானொலிகளை வீட்டு மின்சாரத்தில் இயக்க உதவும் ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தது. நேராக மின்சாரத்திலேயே இயங்கும் வானொலிகள் வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. அடுத்து 1929இன் பொருளாதார வீழ்ச்சி. பிழைக்க வேறு வழி தேடியவர் கார் வானொலியில் இறங்கினார். 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்குத் தம் ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு வானொலியைப் பொருத்திக்கொண்டே போனார். உள்ளே கடை போட இடம் இல்லை. காரை வெளியே நிறுத்தி, வருகிறவர் போகிறவரைக் கேட்கவைத்தார். 5டி71 என்று எண்ணிடப்பட்ட அந்த வானொலிக்கு அவர் சூட்டிய பெயர் மோட்டோரோலா. ‘மோட்டார்’ என்பதோடு, அன்று பெயர்பெற்றிருந்த விக்ட்ரோலா இசைப்பெட்டியின் வாலைச் சேர்த்த பெயர். 1947இல் நிறுவனமே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

அந்த வானொலியின் விலை 110 முதல் 130 டாலர். அன்று மலிவான ஒரு புதிய காரின் விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பொருத்துவதும் எளிதன்று. அது ஒரு பெட்டியன்று, பல பெட்டிகள். வால்வுகள் உள்ள பெட்டி ஓரிடம், ஒலிபெருக்கி ஓரிடம், ஸ்டியரிங் தண்டில் கட்டிய திருகுகளிலிருந்து முறுக்குக் கம்பிகள் வழியே இயக்கம், தரைப்பலகையை அறுத்து அடியில் தொங்கவிட்ட தனிப் பேட்டரிகள். ஜெர்மனியில் பிளாபுங்க்ட் நிறுவனம் 1932இல் கொண்டுவந்த ஆட்டோசூப்பர் ஏஎஸ்5 பதினைந்து கிலோ எடை. விலை 465 ரைஷ்மார்க். ஓட்டுநரின் கவனம் சிதறும் என்று சொல்லி கார் வானொலியைத் தடைசெய்ய வேண்டுமென்ற பேச்சும் மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் எழுந்து அடங்கியது.

தனிப் பேட்டரிகளை ஒழித்தது வைப்ரேட்டர் என்ற சிறு கருவி. 1930களின் முற்பகுதியிலேயே அது வந்துவிட்டது. வால்வுகளுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இருப்பதோ ஆறு வோல்ட், அதுவும் நேர்மின்சாரம். மின்மாற்றி நேர்மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே விரல் நீளமுள்ள ஓர் உலோகக் குப்பிக்குள் ஒரு மெல்லிய எஃகு நாக்கை வைத்து, அதை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடிக்கவிட்டு, மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பினார்கள். வெட்டுப்பட்ட மின்சாரத்தை மின்மாற்றி உயர்த்திவிடும். பழைய காரில் வானொலியைப் போட்டதும் குரலுக்கு முன் வரும் மெல்லிய ரீங்காரம் அந்த நாக்கின் துடிப்புதான். அது கேட்கவில்லையென்றால் நோய் அங்கேயே இருக்கிறது என்று கொள்ளலாம். பல ஆண்டுகள் சும்மா கிடந்த வைப்ரேட்டரின் தொடுமுனைகளில் களிம்பு படிந்திருக்கும். குப்பியைத் திறந்து மென்மையாகத் தேய்த்தால் பல வேளைகளில் மீண்டும் துடிக்கத் தொடங்கும்.

ஆனால் துடிக்கத் தொடங்கிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அப்படியே விட்டுவிடுவது ஆபத்து. மின்மாற்றியின் உயரழுத்தப் பக்கத்தில், வெட்டும்போது எழும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே ஒரு மின்தேக்கி உண்டு. நம் மெக்கானிக்குகளின் மொழியில் கண்டென்சர். 1600 வோல்ட் அளவுக்குத் தாங்கவேண்டிய அது அந்நாளில் மெழுகிட்ட காகிதத்தால் ஆனது. காகிதம் ஈரம் உறிஞ்சிக் கசியும். அதை மாற்றாமல் ஓட்டினால் புதிதாகத் தேய்த்த முனைகள் கருகும், மின்மாற்றியும் போகும். அளவையும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. அந்த மின்மாற்றிக்கென்று கணக்கிட்ட அளவுதான் வேண்டும். இன்னொன்று: ஃபோர்டு, பேக்கார்டு போன்ற அமெரிக்கக் கார்களில் 1950களின் நடுப்பகுதி வரை பேட்டரியின் நேர்முனைதான் உடலில் எர்த் செய்யப்பட்டிருந்தது, பிரிட்டிஷ் கார்களில் 1960கள் வரையிலும். வைப்ரேட்டரில் ஒருவகைக்கு முனைகள் மாறினால் ஆகாது. முந்தைய உடைமையாளர் யாரேனும் வசதிக்காக முனைகளை மாற்றியிருந்தால் வானொலி ஊமையாவதற்கு அது ஒன்றே போதும்.

டிரான்சிஸ்டர் வந்ததும் இந்த அத்தியாயம் முடிந்தது. பில்கோ நிறுவனம் கிரைஸ்லருக்காக முழு டிரான்சிஸ்டர் கார் வானொலியை 1955இல் அறிவித்தது. 12 வோல்ட்டிலேயே இயங்கும் வால்வுகளோடு ஒரே ஒரு பெரிய டிரான்சிஸ்டரைச் சேர்த்த கலப்பு வானொலிகளும் சில ஆண்டுகள் ஓடின.

இரண்டாவது பகை தீப்பொறி. மார்க்கோனி காலத்து ஒலிபரப்பிகள் தீப்பொறியால்தான் அலையை எழுப்பின என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். அவ்வகையில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் பழைய முறையிலான ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமே. ஆறு சிலிண்டர் கார் என்றால் ஆறு நிலையங்கள் பானட்டுக்கு அடியில் இடைவிடாது கத்திக்கொண்டிருக்கும். இதை அடக்கப் பிளக்கிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் பத்தாயிரம் ஓம் அளவிலான மின்தடைகள், டைனமோவில் ஒரு கண்டென்சர், பானட்டையும் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டைகள், முன்சக்கரங்களின் மூடிக்குள் உராய்வு மின்னை வெளியேற்றும் சிறு சுருள்கள் என்று ஒரு படையே வேண்டியிருந்தது. இவற்றை ‘வானொலியின் பாகங்கள்’ என்று யாரும் நினைப்பதில்லை. எஞ்சினை அழகாகப் புதுப்பிக்கிறவர் பயனற்ற துண்டுகள் என்று கழற்றி வீசிவிடுவார். பிறகு வானொலி இரைகிறது என்பார்.

இரைச்சலுக்கும் இலக்கணம் உண்டு. எஞ்சின் வேகத்தோடு கூடும் ‘டிக் டிக்’ ஒலி பிளக்கிலிருந்து வருவது. ஊளையிடுவது டைனமோ. எஞ்சினை அணைத்து வண்டியைச் சரிவில் உருளவிட்டபோதும் கரகரத்தால் சக்கரம். ஏரியல் கம்பியை வானொலியிலிருந்து பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியே நுழைகிறது. நிற்காவிட்டால் மின்சாரம் வரும் கம்பி வழியே. பெட்டியைத் திறக்கும் முன் இந்த எளிய சோதனைகளைச் செய்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

மூன்றாவது பகையான இரும்புதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. 1934 வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்களின் கூரை முழு இரும்பாக இருக்கவில்லை. அத்தனை அகலமான எஃகுத் தகடு அந்நாளில் எளிதாகக் கிடைக்கவில்லை. விளிம்புகள் எஃகு; நடுப்பகுதியில் மரச்சட்டம், அதன்மேல் கோழிக்கூண்டுக்குப் போடுகிற கம்பிவலை, அதன்மேல் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத துணி. துணி தொய்யாமல் இருக்கப் போட்ட அந்தக் கம்பிவலையை வானொலிக்காரர்கள் கண்டுகொண்டார்கள். வலையின் ஓரத்தை இரும்பு விளிம்பிலிருந்து சற்று வெட்டி விலக்கி, ஒரு கம்பியை முன்கண்ணாடித் தூண் வழியே இறக்கிவிட்டால் கூரை முழுவதும் ஏரியல். வெளியே ஒன்றும் தெரியாது. இதைவிட நல்ல ஏரியல் பின்னர் வந்த கார்களுக்கு வாய்த்ததா என்பது ஐயமே.

1935ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ‘டரட் டாப்’ என்ற ஒரே தகட்டு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. மழை ஒழுகாது, உருண்டால் நசுங்காது. மற்றவர்களும் பின்பற்றினார்கள். பயணிகளுக்கு நன்மை, வானொலிக்கு வானம் மூடிக்கொண்டது. திகைத்த வானொலிக்காரர்கள் முதலில் ஒதுங்கியது காரின் அடிவயிற்றுக்கு. கதவோரத்தில் கால்வைத்து ஏறும் ஃபுட்போர்டின் அடியில் ஏரியலைத் தொங்கவிட்டார்கள். சேறும் நீரும் கல்லும் அடிக்கிற இடம். தரைக்கு அருகே அலையும் நலிவு. அது நீடிக்கவில்லை. அதன் பிறகுதான் நாம் அறிந்த கம்பி வந்தது. மட்கார்டின் மேல், முன்கண்ணாடியின் பக்கவாட்டில், நெற்றி நடுவில் என்று இடம் மாறியது. உள்ளிருந்தே திருப்பும் குமிழ், எஞ்சினின் உறிஞ்சு விசையால் எழும் கம்பி, மோட்டாரால் எழும் கம்பி என்று அலங்காரங்கள் சேர்ந்தன. 1969இல் பான்டியாக் கிராண்ட் ப்ரீ காரில் அது முன்கண்ணாடிக்குள்ளேயே இழையாக மறைந்தது. பார்வைக்கு நேர்த்தி, கேட்புக்குச் சுமார்.

ஆகவே 1933ஆம் ஆண்டுக் கார் ஒன்றின் மட்கார்டில் பளபளக்கும் கம்பி நிற்கிறதென்றால் அது இடைச்செருகல் என்று ஐயுறலாம். அதன் உண்மையான ஏரியல் உடைமையாளரின் தலைக்கு மேலேயே, துணிக்குள் துருப்பிடித்துக் கிடக்கலாம். கூரைத் துணியை மாற்றித் தைப்பவருக்கு இந்த வரலாறு தெரியாவிட்டால் பழைய வலையை எறிந்துவிட்டுப் புதிய வலையை விளிம்பு இரும்போடு சேர்த்து இறுக அடித்துவிடுவார். ஏரியல் முழுவதும் எர்த் ஆகிவிடும். அதன்பின் வானொலியை எத்தனை முறை பிரித்துக் கோத்தாலும் பயனில்லை.

கம்பி ஏரியலிலும் இதே கதை வேறு உருவில் உண்டு. மத்திய அலையில் 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தின் அலைநீளம் 300 மீட்டர். முறையான ஏரியல் என்றால் அதில் கால் பங்கு, 75 மீட்டர் வேண்டும். காரில் இருப்பது ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. இவ்வளவு குட்டையான கம்பி பிடிக்கும் மின்சாரம் மிக நுண்ணியது, வழியிலேயே கசிந்துவிடக்கூடியது. அதனால்தான் கம்பியிலிருந்து பெட்டிக்கு வரும் வடம் தனி வகையாக அமைந்தது. தடித்த உறையின் நடுவே, பெரும்பாலும் காற்றிடையே, முடிபோல ஒரு மெல்லிய இழை. பழைய வடம் கெட்டதென்று கடையில் கிடைக்கும் சாதாரண உறைவடத்தைப் போட்டால் வந்த மின்சாரத்தில் பெரும்பகுதியை வடமே விழுங்கிவிடும். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும், காதில் விழாது.

எர்த் இன்னும் நுட்பமான பொறி. ஏரியலின் அடிப்பகுதி மட்கார்டின் உட்பக்க இரும்பை நேராகக் கவ்வவேண்டும். புதிதாகப் பூச்சு அடித்தவர் கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்துக்கும் நான்கு அடுக்குப் பூச்சு அடித்திருப்பார். அங்கே ரூபாய் வட்ட அளவுக்குச் சுரண்டிப் பச்சை இரும்பைக் காட்டினால் இரைச்சல் பாதியாகும் என்று சொன்னால், அவர் முகம் போகும் போக்கை ஊகிக்கலாம். எல்லாம் முடிந்தபின் கடைசி வேலை ஒன்று உண்டு. ஏரியலை முழு உயரத்துக்கு இழுத்துவிட்டு, 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே நலிந்து கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்து, பெட்டியிலுள்ள ஒரு சிறு திருகை மெல்லத் திருப்பி, எங்கே குரல் ஓங்குகிறதோ அங்கே நிறுத்தவேண்டும். அந்தக் கம்பிக்கும் அந்தப் பெட்டிக்குமான பொருத்தம் அது. வேறு ஏரியல் மாட்டினால் மீண்டும் செய்யவேண்டும்.

இனி, அந்த ‘ஒரிஜினல்’ என்ற சொல். 1930களின் இறுதியில் வந்த கார் வானொலிகளில் நிலையங்களை நேராக அழைக்கும் பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நிலையத்தின் அழைப்பெழுத்துகள் பொறித்த சிறு துண்டு. வட அமெரிக்க நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1941 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் ஏறத்தாழ எண்ணூறு நிலையங்கள் ஒரே நாளில் இடம் மாறின. வாங்கி இரண்டு ஆண்டு ஆகாத காரிலும் பெரும்பாலான பொத்தான்கள் பொய்யாயின, மீண்டும் திருத்தவேண்டியதாயிற்று. 1953இலிருந்து பத்தாண்டுகள் அங்கே விற்ற வானொலிகளின் முகப்பில் 640, 1240 என்ற இரண்டு இடங்களில் சிறு முக்கோணக் குறி இருக்கும். அணுகுண்டுத் தாக்குதல் வந்தால் மற்றெல்லா நிலையங்களும் வாய்மூட, இந்த இரண்டு இடங்களில் மட்டும் அரசின் குரல் கேட்கும் என்ற ஏற்பாடு அது. 1963இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. குறி மட்டும் நிற்கிறது. இவற்றில் எந்த நாளின் நிலையை ‘ஒரிஜினல்’ என்பது?

பழுதுநீக்குவோரிடையே இதில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சி பெட்டியின் உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டுப் புதிய மின்சுற்று ஒன்றை வைத்துவிடும். பண்பலை கேட்கலாம், கைப்பேசிப் பாட்டும் கேட்கலாம்; முகப்பும் குமிழ்களும் பழையபடி. மறு கட்சி கசிந்துபோன காகிதக் கண்டென்சரின் கூட்டை உருக்கித் திறந்து, அதற்குள் இன்றைய சிறு கண்டென்சரை வைத்து, மெழுகால் மூடி, பழைய இடத்திலேயே பற்றவைக்கும். முதற்கட்சி சிரிக்கும்: இரண்டும் ஏமாற்றுதானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் தட்பவெப்பத்தில் பனையோலை சில நூற்றாண்டுகளே தாங்கும். ஏடு நைந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதால்தான் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. அவர் கையில் இருந்த எந்த ஓலையும் திருத்தக்கதேவர் தொட்டதன்று. ஆனாலும் நூல் அவருடையது. கண்டென்சர் ஓலை, சுற்று நூல். ஓலையை மாற்றுவது பெயர்த்தெழுதுதல். சுற்றையே எடுத்துவிட்டு மேலட்டையை மட்டும் வைத்துக்கொள்வதைப் பதிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் முதற்கட்சியிடம் ஒரு வலுவான வாதம் உண்டு என்பதை மறைக்க முடியாது: “சரி செய்துவிட்டீர்கள். கேட்பதற்கு என்ன இருக்கிறது?”

ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு மத்திய அலையை விட்டு 2015 இறுதியோடு விலகிவிட்டது. அங்கே சீர்செய்த பழைய பெக்கர், பிளாபுங்க்ட் வானொலிகள் இரவில் மட்டும், தொலைதூர அயல்நாட்டு நிலையங்களைப் பிடிக்கும். பிபிசியின் ரேடியோ 4 மத்திய அலையை 2024இல் நிறுத்தியது. அமெரிக்காவில் மத்திய அலை இன்னும் இருக்கிறது. ஆனால் கார் செய்பவர்களே அதைக் கைவிடத் தொடங்கினார்கள். மின்காரின் மோட்டாரும் அதை ஆளும் சுற்றுகளும் எழுப்பும் இரைச்சல் மத்திய அலையைக் கெடுக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 1930இல் மின்தடைகளும் கண்டென்சர்களும் கொண்டு அடக்கிய அதே பகை, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வேறு உருவில் திரும்பியிருக்கிறது. இம்முறை அடக்குவதைவிட வானொலியை இறக்கிவிடுவது மலிவு என்று கணக்கிட்டார்கள். ஃபோர்டு நிறுவனம் தன் புதிய கார்களில் மத்திய அலையை நீக்குவதாக 2023இல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு மே மாதம் பின்வாங்கியது.

அதனால் சேகரிப்பாளர்களில் சிலர் உரிமம் தேவைப்படாத அளவு மிகக் குறைந்த திறனுள்ள சிறு ஒலிபரப்பி ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். வாஷிங்டனில் இருந்த டபிள்யூஜேஎஸ்வி என்ற நிலையம், 1939 செப்டம்பர் 21 அன்று காலை முதல் நள்ளிரவு தாண்டும்வரை தான் ஒலிபரப்பிய அனைத்தையும் பதிவுசெய்து வைத்தது. செய்தி, தொடர்நாடகம், சோப்பு விளம்பரம், ஐரோப்பாவில் மூண்டுவிட்ட போரில் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டத்தைத் திருத்தக் கோரிக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆற்றிய உரை, மாலையில் ஒரு பேஸ்பால் ஆட்டம் என்று அந்த ஒரு நாள் அப்படியே அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்நிலையம் அன்று நின்ற இடம் 1460 கிலோஹெர்ட்ஸ். 1941இல்தான் 1500க்குப் போனது. 1939ஆம் ஆண்டுக் கார் ஒன்றின் வானொலியைச் சீர்செய்து, எர்த்துக்காகப் பூச்சைச் சுரண்டி, திருகைத் திருப்பி முடித்த ஒருவர், பின்னிருக்கையில் ஒலிபரப்பியை 1460இல் வைத்து அந்தப் பதிவை ஓடவிடலாம். பொத்தானை அழுத்தினால் முதலில் வைப்ரேட்டரின் ரீங்காரம் எழும். வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆகும். பிறகு மட்கார்டின் மேலுள்ள கம்பி, ஐந்தடி தொலைவிலிருந்து வரும் ரூஸ்வெல்ட்டின் குரலைப் பிடிக்கும்.